4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: திறன் கூட்டிய வண்டியில் உள்தேய்மானத்தைத் தடுக்கும் முழுமையான வழிகாட்டி

எரிந்துபோன 4எல்60-இ கியர்பாக்ஸைப் பிரித்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது கருகிய 3-4 கிளட்ச் (மூன்றாம், நான்காம் கியர்களைப் பிடிக்கும் கிளட்ச்) தட்டுகள்தான். உடனே விலை கூடிய சிவப்பு நிறத் தட்டு செட் ஒன்றை வாங்கிப் போட்டு மூடிவிடுகிறார்கள். சில மாதங்களில் அதே தட்டுகள் அதே இடத்தில் மறுபடியும் கருகிக் கிடக்கும். தட்டு தானாகக் கருகுவதில்லை. அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய ஆயில் வழியில் எங்கோ கசிகிறது, பிடி தளர்கிறது, தட்டு வழுக்குகிறது, வழுக்கிய இடத்தில் சூடு ஏறுகிறது. கசிவை விட்டுவிட்டுத் தட்டை மாற்றுவது பணத்துக்குப் பிடித்த கேடு. அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி கசிவைத் தேடுவதற்கே போகிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் கொண்டுவந்த 700ஆர்4-தான் இதன் மூதாதை. 1993-இல் மின்னணுக் கட்டுப்பாடு சேர்ந்து 4எல்60-இ ஆனது. கமாரோ, கார்வெட், சில்வராடோ, டாஹோ எனப் பின்சக்கர ஓட்டமுள்ள வண்டிகள் பலவற்றில் வந்தது இதுதான். வளைகுடா நாடுகளின் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்கள் டாஹோவுக்கு அடியில் படுத்து இதைப் பலமுறை இறக்கியிருப்பார்கள். கியர் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. தொழிற்சாலை இதற்குக் கொடுத்த டார்க் வரம்பு 360 பவுண்டு-அடி, அதாவது ஏறக்குறைய 488 நியூட்டன் மீட்டர். கேம், ஹெட், டர்போ என்று எஞ்சினில் கைவைத்த வண்டி இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். கவனமாகக் கட்டினால் 450, 500 குதிரைத்திறன் வரை இந்தப் பெட்டி தாங்கும். 600-ஐத் தாண்டப் போகிறீர்கள் என்றால் இதில் காசு கொட்ட வேண்டாம். டர்போ 400-இன் வழிவந்த 4எல்80-இ பெட்டியை வாங்கிப் போடுங்கள்.

பிரிப்பதற்கு முன் கேஜைப் போடுங்கள்

பெட்டியின் ஓட்டுநர் பக்கம், கியர் லீவருக்கு அருகே லைன் பிரஷரை, அதாவது பெட்டியின் முதன்மை ஆயில் அழுத்தத்தை, அளக்கும் துளை ஒன்று பிளக் போட்டு மூடியிருக்கும். 1/8 அங்குலப் பைப் மரை. அதில் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜை நீளமான ஹோஸில் மாட்டுங்கள். ஆயில் சூடானபின், ஐடிலில், டிரைவில் 55 முதல் 65 வரை காட்டும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து ஓடும்போது 180-ஐ ஒட்டி ஏற வேண்டும்.

ஏறவில்லை என்றால் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய வயர் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பிரஷரைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டுக்கு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) கரண்ட் போகாதபோது பிரஷர் உச்சத்துக்குப் போக வேண்டும். அதுதான் அதன் அமைப்பு. அப்படியும் 150-ஐத் தொடாமல் திணறினால் கோளாறு உள்ளே இருக்கிறது: பம்ப், வால்வு, அல்லது சீல். கனெக்டரைக் கழற்றியதும் நன்றாக ஏறுகிறது, மாட்டினால் இறங்குகிறது என்றால் வயரிங்கையோ டியூனையோ (வண்டிக் கம்ப்யூட்டரின் அமைப்புகள்) பாருங்கள், பெட்டியை இறக்காதீர்கள். இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பெட்டியை இறக்கியவர்கள் ஏராளம்.

கனெக்டர் கழன்றிருக்கும்போது டிரைவில் போட்டால் பெட்டி மூன்றாம் கியரிலேயே நிற்கும். அது கோளாறு அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் அந்த நிலையில் வண்டியை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

ஆயில் தொலையும் இடங்கள்

இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. இரண்டாம் கியரை 2-4 பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுகும் பட்டை) பிடித்திருக்கிறது. அதை இறுக்குவது சர்வோ பிஸ்டன். மூன்றாம் கியருக்கான ஆயில் புறப்பட்டதும் இரண்டு இடங்களுக்குப் போகிறது: ஒரு பங்கு சர்வோவின் மறுபக்கம் போய்ப் பேண்டைத் தளர்த்துகிறது, இன்னொரு பங்கு 3-4 கிளட்சை இறுக்குகிறது. இரண்டுக்கும் ஒரே ஆயில். ஆகவே சர்வோவில் ஒரு சீல் வெட்டுப்பட்டிருந்தால் கருகுவது எங்கோ தள்ளி இருக்கிற 3-4 தட்டு. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் காரணம் கிடைக்காது.

சர்வோவை முழுதாகப் பிரித்து எல்லா சீலையும் மாற்றுங்கள். இரண்டாம் கியரில் பிடி கூடக் கார்வெட் சர்வோ என்று அழைக்கப்படும் பெரிய பிஸ்டனைப் போடுவது நல்ல பழக்கம், செலவும் குறைவு. சர்வோ பின் கேஸில் ஓடும் துளையையும் பாருங்கள். பின்னை விட்டு ஆட்டினால் பக்கவாட்டில் ஆட்டம் தெரிகிறதா? அந்த இடைவெளி வழியாக மூன்றாம் கியர் ஆயில் ஓடிவிடும். ஸ்லீவ் போட்டோ, சீலுடன் வரும் பின்னைப் போட்டோ சரிசெய்ய வேண்டும்.

அடுத்து, சர்வோ பிஸ்டன் உட்காரும் குழிக்குள், கேஸிலேயே அடித்து இறக்கப்பட்ட சிறு உலோகக் குப்பி ஒன்று உண்டு. அதற்குள் ஒரு பந்து. மூன்றாம் அக்யூமுலேட்டர் செக் வால்வு என்பார்கள். இந்தப் பந்து ஓயாமல் தட்டித் தட்டி அதன் இருக்கை தேய்ந்துவிடும். அது கசிந்தால் பேண்ட் முழுதாக விடாது, 3-4 கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு எரியும். சோதிப்பது சுலபம்: குழியில் சால்வென்ட்டை ஊற்றி, கேஸின் உட்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் குப்பியைப் பிடுங்கிப் புதிதை அடித்து இறக்குங்கள். சில ரூபாய்ப் பொருள். இதைப் பார்க்காமல் கட்டிய பெட்டிக்கு வேறு எந்த விலையுயர்ந்த பாகமும் கைகொடுக்காது.

கிளட்ச் தட்டுகளை ஏந்தும் இன்புட் டிரம்மிலும் இதே மாதிரி ஒரு பந்துக் குப்பி உண்டு. 3-4 கிளட்ச் விட்டதும் பிஸ்டனுக்குப் பின்னால் தேங்கும் ஆயிலை வெளியேற்றுவது அதன் வேலை. அதையும் அதே முறையில் சோதியுங்கள். எஞ்சின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் டர்பைன் ஷாஃப்டின் சீல் ரிங் பள்ளங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற அளவு படிக்கட்டு விழுந்திருந்தால் புது ரிங் போட்டாலும் பயனில்லை, ஷாஃப்டையே மாற்றுங்கள்.

ஆயிலை வழிநடத்தும் வால்வுகள் உள்ள வால்வ் பாடிக்கும், பம்புக்கும் வருவோம். வால்வ் பாடி அலுமினியம். கடினமான வால்வு அரம்போல் உரசி உரசி துளையை நீள்வட்டமாக்கிவிடும். கண்ணால் பார்த்துத் தெரியாது. வாக்குவம் சோதனைதான் வழி. சோதனைக் கருவியைத் துளை திறந்த நிலையில் 5, அடைத்த நிலையில் 25 அங்குலப் பாதரசம் காட்டும்படி அமைத்துக்கொண்டு, வால்வு உள்ளே இருக்கும்போது ஒவ்வொரு துளையாக வைத்துப் பாருங்கள். 18-க்குக் கீழே இறங்கினால் அந்தத் துளை போய்விட்டது. குறிப்பாகப் பார்க்க வேண்டியவை மூன்று.

ஆக்சுவேட்டர் ஃபீட் லிமிட் வால்வு. சோலினாய்டுகளுக்கெல்லாம் ஆயில் இதன் வழியாகத்தான் போகிறது. இது தேய்ந்தால் கம்ப்யூட்டர் கேட்ட பிரஷர் வராது, முழு மிதியில் லைன் பிரஷர் சோர்ந்துவிடும், ஷிஃப்ட் ஒருநாள் ஒழுங்காகவும் மறுநாள் கோணலாகவும் இருக்கும்.

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஆயில் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்கப்பைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வால்வு. 1990-களின் பிற்பகுதி வண்டிகளில் பி1870 என்ற கோடு விழக் காரணம் பெரும்பாலும் இதுதான். லாக்கப் முழுதாகப் பிடிக்காமல் நெடுஞ்சாலையில் வழுக்கிக்கொண்டே ஓடும். கன்வர்ட்டருக்குள் இருக்கும் லைனிங் பொடிப்பொடியாகி ஆயிலில் கலந்து, மீதி எல்லா வால்விலும் போய் ஒட்டும்.

மூன்றாவது பம்பில் இருக்கும் பூஸ்ட் வால்வு. முழு மிதியிலும் ரிவர்ஸிலும் பிரஷரை ஏற்றுவது இது.

மூன்றுக்கும் சோனாக்ஸ் போன்ற நிறுவனங்கள் பெரிய அளவு வால்வும், துளையைக் குடைய ரீமரும் ஜிக்கும் விற்கின்றன. ரீமரைக் கையால் மெதுவாக, எண்ணெய் விட்டு, ஒரே திசையில் சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் துளை சுவரைக் கீறிவிடும். டிரில் மெஷினில் மாட்டி வேகமாக முடிக்கப் பார்க்கிறவர் புது வால்வ் பாடி வாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

பிரிப்பான் தகடு என்கிற ஸ்பேசர் பிளேட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரும்புப் பந்துகள் தட்டித் தட்டித் துளைகளைக் குழியாக்கியிருக்கும். சில தகடுகளில் பந்து துளைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். தகட்டை மாற்றிவிடுங்கள். ஷிஃப்டின் அதிர்வைத் தணிக்கும் 1-2 அக்யூமுலேட்டரின் பிளாஸ்டிக் பிஸ்டன் வெடித்திருந்தால் அலுமினியப் பிஸ்டன் போடுங்கள். வால்வ் பாடி போல்ட்டுகள் எல்லாம் 11 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து வெளியே. கைக்கணக்கில் இறுக்கினால் பாடி வளைந்து வால்வு சிக்கும்.

பம்ப்

இது இறக்கை வகைப் பம்ப். பழையவற்றில் 10 இறக்கை, திறன் கூட்டியவற்றுக்கு 13 இறக்கை. ஆர்பிஎம் அதிகமாகும்போது முதலில் உடைவது இறக்கைகளைத் தாங்கும் வளையங்கள். உடைந்தால் தூள் முழுப் பெட்டிக்கும் போகும். கடினப்படுத்திய வளையம் போடாமல் 6000-க்கு மேல் சுற்ற விடாதீர்கள்.

பம்பின் இரண்டு பாதிகளின் முகத்தையும் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். மூடும்போது இரண்டு பாதிகளும் ஒரே மையத்தில் நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு பட்டை இருக்கிறது. வெளிச்சுற்றில் அதைக் கட்டி இறுக்கியபின்தான் போல்ட்டை முறுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் முறுக்கினால் மையம் பிசகி, கன்வர்ட்டரின் கழுத்து முன் புஷ்ஷை ஒரு பக்கமாகத் தின்றுவிடும். பிறகு முன் சீல் ஒழுகும். சீலை மாற்றினாலும் மறுபடி ஒழுகும்.

பெரிய பூஸ்ட் வால்வு, முறுக்கான ரெகுலேட்டர் ஸ்பிரிங், டியூனில் பிரஷர் கூட்டல் என மூன்றையும் ஒருசேரச் செய்யாதீர்கள். பிரஷர் கூடினால் பிடி கூடும் என்பது ஓரளவுக்குத்தான் சரி. அதற்குமேல் பம்ப் உடையும், ஷிஃப்டின் அடி சன் ஷெல்லில் (உள்ளே சன் கியரைச் சுழற்றும் கூடு) விழும்.

3-4 கிளட்ச்

இப்போதுதான் தட்டுகள். புதுத் தட்டுகளை, பெட்டியில் போகப்போகிற அதே ஆயிலில் குறைந்தது அரை மணி நேரம் ஊற வையுங்கள். காய்ந்த தட்டு முதல் ஷிஃப்டிலேயே மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆகிவிடும். ஸ்டீல் தட்டுகளையும் புதிதாகவே போடுங்கள். நீலம் பாய்ந்த பழைய ஸ்டீலைத் தேய்த்துப் போடுவது சிக்கனமல்ல.

எத்தனை தட்டு என்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. ஒல்லியான தட்டுகளாக வாங்கி எட்டு, ஒன்பது என்று அடைப்பார்கள். சூட்டை உறிஞ்சுவது ஸ்டீலின் கனம். ஸ்டீல் மெலிந்தால் ஒரே முழு மிதி ஷிஃப்டில் வளைந்துபோகும். வழக்கமான கனமுள்ள ஸ்டீலோடு ஏழு ஃப்ரிக்ஷன் தட்டு என்பது தெரு வண்டிக்கும் அவ்வப்போது டிராக் போகும் வண்டிக்கும் சரியான கணக்கு.

இடைவெளி 0.030 முதல் 0.040 அங்குலம், அதாவது 0.76 முதல் 1.0 மி.மீ. ஃபீலர் கேஜை ஸ்னாப் ரிங்குக்கும் கடைசித் தட்டுக்கும் நடுவே, சுற்றிலும் மூன்று இடத்தில் விட்டுப் பாருங்கள். மூன்று இடத்திலும் வேறுவேறு அளவு வந்தால் ஏதோ ஒரு தட்டு வளைந்திருக்கிறது அல்லது பல் சரியாக உட்காரவில்லை. இடைவெளி குறைந்தால் தட்டு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். கூடினால் பிஸ்டன் நெடுந்தூரம் பயணிக்க வேண்டியிருக்கும், அதற்குள் எஞ்சின் கத்தும்.

3-4 பேக்கில் இருக்கும் ரிலீஸ் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிடச் சொல்லும் பேச்சு அவ்வப்போது வரும். கேட்காதீர்கள். டிரம் வேகமாகச் சுழலும்போது பிஸ்டனுக்குப் பின்னால் மிஞ்சிய ஆயில் மையவிலக்கு விசையில் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, யாரும் கேட்காமலேயே கிளட்சை அரைகுறையாக இறுக்கும். அந்த ஸ்பிரிங்குகள் இருப்பது அதைத் தடுக்கத்தான்.

டிரம்மை அடைத்து முடித்ததும் 30 முதல் 40 பி.எஸ்.ஐ. காற்றை ஒவ்வொரு ஆயில் துளையிலும் விட்டுப் பாருங்கள். பிஸ்டன் “டொப்” என்று ஒரே தட்டில் மூட வேண்டும். காற்றை நிறுத்தியதும் திரும்ப வேண்டும். சீறல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் சீல் மடங்கியிருக்கிறது. பிரித்துப் பாருங்கள், வேறு வழியில்லை.

சன் ஷெல், ஸ்ப்ராக், பேண்ட்

ஒருநாள் திடீரென்று ரிவர்ஸ் இல்லை, இரண்டு இல்லை, நான்கு இல்லை, ஆனால் ஒன்றும் மூன்றும் இருக்கிறது என்றால் சன் ஷெல் போய்விட்டது. கழுத்துப் பகுதி வெடித்திருக்கும் அல்லது உள்பல் மழுங்கியிருக்கும். திறன் கூட்டிய வண்டியில் பழைய ஷெல்லை மறுபடி போடுவதில் அர்த்தமே இல்லை. கடினப்படுத்திய கனமான ஷெல் போடுங்கள். ஒரே திசையில் மட்டும் சுழலவிடும் உள்ளீட்டு ஸ்ப்ராக்குக்கு 29 ஸ்ப்ராக் துண்டுகள் கொண்ட இரட்டைக் கூண்டு வகை. பேண்டுக்கு அகலமான லைனிங். சர்வோ பயணம் 0.075 முதல் 0.125 அங்குலத்துக்குள் இருக்கும்படி பின்னின் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டி முடித்ததும் டர்பைன் ஷாஃப்டின் எண்ட் பிளேயை, அதாவது முன்பின் ஆட்டத்தை, டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். கம்பெனி அளவு 0.13 முதல் 0.92 மி.மீ. வரை விரிந்தது. திறன் கூட்டிய வண்டிக்கு 0.4 - 0.5 மி.மீ. சுற்றில் நிறுத்துங்கள். பம்புக்குப் பின்னால் இருக்கும் தேர்வு வாஷரை மாற்றி இதைக் கொண்டுவரலாம். ஆட்டம் கூடினால் முடுக்கும்போதும் விடும்போதும் உள்பாகங்கள் எல்லாம் முன்னும் பின்னும் மோதி, த்ரஸ்ட் வாஷர்களைத் தின்னும்.

கன்வர்ட்டரை உட்கார வைப்பது

நல்ல பெட்டியை முதல் நிமிடத்திலேயே கொல்லும் தவறு இங்கேதான் நடக்கிறது. கன்வர்ட்டரில் முதலில் ஒரு லிட்டர் ஆயிலை ஊற்றுங்கள். ஷாஃப்டில் ஏற்றி, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். படிப்படியாக அது உள்ளே விழுவது கையில் தெரியும். கடைசியாகப் பம்பைச் சுழற்றும் பள்ளங்களில் விழ வேண்டும். அதற்கு முன்பே “உட்கார்ந்துவிட்டது” என்று நினைத்துப் பெல் ஹவுசிங் போல்ட்டை இறுக்கினால் பம்ப் நொறுங்கும்.

பெட்டியை எஞ்சினோடு சேர்த்து எல்லா போல்ட்டையும் இறுக்கியபின், கன்வர்ட்டர் இன்னும் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும். அதை முழுதாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வர்ட்டருக்கும் இடையே அளவெடுங்கள். 3 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கன்வர்ட்டர் பம்பைப் பின்னால் அழுத்துகிறது. 5-க்கு மேல் என்றால் முன்னுக்கு இழுக்கும்போது பள்ளங்களிலிருந்து பாதி வெளியே வந்துவிடும், ஷிம் வாஷர் போடுங்கள். பெட்டியை மையத்தில் நிறுத்தும் எஞ்சின் பிளாக்கின் டோவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்க மறக்காதீர்கள். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் இவை காணாமல் போயிருக்கும்.

ஆயில், சூடு, கூலர்

டெக்ஸ்ரான் 6 போதும். அதுவே டெக்ஸ்ரான் 3-க்கும் மாற்று. பெட்டியின் அடிப்பாத்திரத்தை மட்டும் இறக்கினால் ஏறக்குறைய 4.7 லிட்டர், முழுதாகப் பிரித்துக் கட்டினால் கன்வர்ட்டரோடு சேர்த்து 10 முதல் 11 லிட்டர். ஆயில் சூடாகி, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, பார்க்கில் வைத்து அளவு பாருங்கள். கூடுதலாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை அழுத்தத்தைத் தாங்காது.

ஆழமான பாத்திரம் போட்டால் அதற்கேற்ற நீளமான ஃபில்ட்டரும் போட வேண்டும். இல்லையென்றால் வண்டி பாயும்போது ஆயில் பின்னுக்கு ஒதுங்கி, ஃபில்ட்டர் காற்றை உறிஞ்சும்.

பாத்திரத்தில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் நல்ல வெப்பநிலை. 80-க்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. 120-ஐத் தாண்டினால் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஸ்டால் கூடிய (அதிக ஆர்பிஎம் வரை வழுக்கவிடும்) கன்வர்ட்டர் போட்ட வண்டிக்கு ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் போதாது. தட்டு வகைக் கூலர் ஒன்றைத் தனியாக, முடிந்தால் ஃபேனோடு போடுங்கள். கோடையில் 45 டிகிரி தொடும் ஊர்களில் ஃபேன் இல்லாத கூலர் டிராஃபிக்கில் நின்றால் அலங்காரப் பொருள்தான்.

கூலரிலிருந்து திரும்பும் ஆயில்தான் உள்ளே பல்சக்கரங்களுக்கும் புஷ்களுக்கும் உயவாகப் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கூலர் அடைத்தால் ஆயில் சூடாவதோடு நிற்காது, பிளானட்டரி என்கிற பல்சக்கரத் தொகுதியே காய்ந்து எரியும். திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு, ஐடிலில் 30 விநாடி ஓட்டுங்கள். ஒரு லிட்டருக்குக் குறைவாக வந்தால் அடைப்பு இருக்கிறது.

டியூனும் ஓட்டமும்

ஷிஃப்டின்போது எஞ்சின் டார்க்கை நொடிப்பொழுது குறைக்கும் டார்க் மேனேஜ்மென்ட்டை முழுதாக அணைத்துவிடுவது பரவலான பழக்கம். அணைத்தால் ஷிஃப்ட் முரட்டுத்தனமாக உணரப்படும், அது வலு என்று தோன்றும். உண்மையில் அந்த நொடியில் தட்டுகள் முழு டார்க்கோடு வழுக்குகின்றன. பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அணைக்காதீர்கள். டயர் அளவையோ ஆக்ஸில் விகிதத்தையோ மாற்றியிருந்தால் கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லுங்கள். தவறான வேகக் கணக்கில் ஷிஃப்ட் புள்ளிகள் எல்லாம் தவறிப்போகும்.

டிராக்கில் ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு உருளாதீர்கள். எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், சக்கரம் மட்டும் உள்ளே பல்சக்கரங்களை உயவில்லாமல் சுற்றும். நியூட்ரலில் வைத்துக் கயிறு கட்டி இழுப்பதும் இதே தவறு. இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஆயில் 95-க்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள்.

முதல் 800 கிலோமீட்டருக்குப் பிறகு

கட்டியபின் முதல் 800 கிலோமீட்டர் அரை மிதியைத் தாண்டாமல் ஓட்டி, ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றுங்கள். பாத்திரத்தின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு மெல்லியதாகப் படிந்திருந்தால் அது இயல்பு. ஃபில்ட்டரை வெட்டிப் பிரித்து மடிப்புகளை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பொன்னிறப் பொடி என்றால் புஷ் தேய்கிறது, பெரும்பாலும் பம்ப் புஷ். டோவலையும் மையத்தையும் மறுபடி பாருங்கள். கறுப்பு நார் என்றால் கிளட்ச் லைனிங். கேஜைப் போட்டுப் பிரஷரைப் பாருங்கள். காந்தத்தில் ஊசிபோல் நிற்கும் இரும்புத் துணுக்கு என்றால் த்ரஸ்ட் பேரிங்கோ பல்லோ உடைந்திருக்கிறது. வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். பெட்டியைச் சரிசெய்தாலும் பழைய கூலரைத் திரும்ப மாட்டாதீர்கள். அதன் மடிப்புகளில் சிக்கிய துணுக்குகள் கழுவினாலும் முழுதாகப் போகாது, முதல் நீண்ட ஓட்டத்தில் புதுப் பெட்டிக்குள் வந்துசேரும்.